கலியாணக் கவுனில் ராசி ஒட்டுமா?



இங்கிலாந்து தேசத்தில் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாய் வேலை பார்க்கும் என் அக்காள் மகளிடமிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அதில் கண்ட சங்கதி, மேலுக்குப் பார்த்தால் ஒரு பழைய உடுப்பை விற்பதைப் பற்றிய சின்னச் சங்கதிதான். ஆனாலும் அதற்குள் அடங்கிக் கிடக்கும் விஷயம் சின்னதல்ல என்று எனக்குத் தோன்றியபடியால், அதை வாசகர்கள் முன் வைத்து, என் அபிப்பிராயத்தையும் சொல்ல ஆசைப்படுகின்றேன்.

சங்கதி இதுதான். அவளோடு வேலை பார்க்கும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் தாயாருக்கு 1968ல் கலியாணம் நடந்தது. அப்பொழுது பெண்வீட்டார் லண்டனில் பேர்போன ஒரு தையல் நிலையத்தில் சொல்லிக் கெட்டிப் பட்டுச் சாட்டினில் கவுன் தைப்பித்தார்கள். கையில் லேஸ் வைத்தது. இடுப்பின் உட்புறத்தில் அந்த நிலையத்தின் பெயர் பொறித்த லேபிள் உள்ளது. அந்த அம்மாள் ஒன்பது வருஷம் புருஷனோடு வாழ்ந்து பார்த்துவிட்டு, இனி முடியாது என்று கண்டு, இரண்டு பெண் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு 1977ல் வீட்டைவிட்டு வெளியேறி, பள்ளிக்கூடமொன்றில் சமையல் வேலை பார்த்து அவர்களை ஆளாக்கி, 77வது வயதில் காலமானார். கவுன் மாத்திரம் இத்தனை வருஷமும் அலமாரியின் மேல் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்து வந்திருக்கின்றது. இப்பொழுது இளைய மகளுக்குப் பணமுடை. அவளுடைய பெண்ணுக்கு வெளியூர்க் காலேஜில் இடம் கிடைத்திருக்கின்றது. தங்கும் அறைக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். ஆகவே கவுனை 600 பவுனுக்கு விற்பது என்று தீர்மானித்தாள்.

உடனே ஆக்ஷேபணை கிளம்பிற்று. "அம்மாவின் துரதிர்ஷ்டத்தை இன்னொருத்திக்கு விற்காதே, பாவம்" என்றாள் மூத்தவள். அதையும் மீறி விலைக்கு வைத்தால், வாங்க வந்த பெண் கவுனைத் தொட்டுப் பார்த்தாள், உடுத்திப் பார்த்தாள், கண்ணாடி முன் நின்று சந்தோஷப்பட்டாள். எல்லாம் ஆன பிற்பாடு, "உங்கள் அம்மாவும் அப்பாவும் எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள்?" என்று கேட்டாள். இவள் ஒன்பது என்று உண்மையைச் சொன்னாள். வந்தவள் கவுனை மெதுவாய்க் கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம், "அடுத்த தடவை ஐம்பது என்று சொல்லித் தொலை" என்று யோசனை சொல்லுகின்றார்களாம்.

"மாமா, ஒரு துணிக்காக ஒரு பொய் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கின்றாள் என் அக்காள் மகள்.

மூடநம்பிக்கைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்கின்ற பேதம் கிடையாது. ராசி, சகுனம் என்பவையெல்லாம் நம் நாட்டுச் சரக்கு என்றும், ரயிலும் தந்தியும் கண்டுபிடித்த தேசத்தில் இவை இருக்கமாட்டா என்றும் நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். அங்கேயும் பச்சை நிறத்தில் கலியாண உடுப்பு ஆகாது என்பார்கள். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை அந்தக் கவுனைப் பார்த்துவிட்டால் ஆகாது என்பார்கள். பிரிந்துபோன தம்பதிகளின் கவுனை வாங்கினால் வாங்கியவளும் பிரிந்துபோவாள் என்பார்கள். இது நிற்க.

முதலாவதாக, இந்த வெள்ளைக் கவுனுக்கு இவ்வளவு பவித்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பைபிளில் மணப்பெண் வெள்ளைக் கவுன்தான் உடுத்த வேண்டும் என்று கட்டளை இருக்கின்றதா? இல்லை. அத்தேசத்துச் சட்டத்தில் இருக்கின்றதா? அதுவும் இல்லை. 1836ம் வருஷச் சட்டத்தினால் அங்கே பாதிரியே இல்லாமல் பதிவு அதிகாரி முன்னிலையில் கலியாணம் செய்துகொள்ள வழி ஏற்பட்டது. வாய்மொழியாக ஒப்புக்கொள்ளுவதும், சாட்சிகள் இருப்பதும், பதிவு செய்வதும் முக்கியமே ஒழிய, உடுப்பின் நிறத்தைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை.

பின் எப்படி வந்தது என்றால், 1840ம் வருஷம் பிப்ரவரி 10ந் தேதி விக்டோரியா ராணிக்குக் கலியாணம் நடந்தது. அதற்கு முன் அத்தேசத்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் தங்களிடம் இருப்பதில் நல்ல உடுப்பு எதுவோ, அது நீலமானாலும் பழுப்பானாலும் கறுப்பே ஆனாலும், அதையே கலியாணத்துக்கு உடுத்திக்கொண்டு, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போகவும் அதையே உபயோகித்து வந்தார்கள். விக்டோரியா ராணி ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னும் இடத்தில் நெய்த வெள்ளைச் சாட்டினும், டெவன் பிரதேசத்தில் கையால் பின்னிய ஹானிட்டன் லேஸும் கொண்டு உடுப்புத் தைத்துக்கொண்டார். அந்த லேஸைப் பின்னுவதற்கு இருநூறு பெண்களுக்கு மேல் மாதக் கணக்காய் வேலை செய்தார்கள். மிஷின் லேஸ் வந்து கைத்தொழில் நசித்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆகவே உள்நாட்டு நெசவாளிக்கும் லேஸ் பின்னுகிறவளுக்கும் வேலை கொடுப்பது அதன் ஒரு நோக்கமாய் இருந்தது. பிறகு படம் போட்ட பத்திரிகைகளும், துணிக்கடைக்காரர்களும் சேர்ந்து அந்த வெள்ளையை ஊரெங்கும் பரப்பினார்கள். இரண்டு நூற்றாண்டு கூட நிறையாத ஒரு நாகரிகம், ஆதிகாலந்தொட்டு வருகின்ற தெய்வ ஏற்பாடு போல் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கின்றது. போதாக்குறைக்கு, அந்த ராணியே தம் கலியாண லேஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. பிற்காலத்தில் வேறு உடுப்புகளில் வைத்துத் திரும்பத் திரும்ப உபயோகித்தார். ராணி செய்தால் சிக்கனம், தாதி செய்தால் அபசகுனமா?

இரண்டாவதாக, முடை வந்தபொழுது இந்தப் பவித்திரம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. கூப்பன் இல்லாமல் கவுன் இல்லை. அப்பொழுது மணப்பெண்கள் அக்காள் கவுனையும், அடுத்த வீட்டுக்காரி கவுனையும் இரவல் வாங்கி உடுத்தினார்கள். நாவலாசிரியை பார்பரா கார்ட்லாண்ட் என்பவர் உடுத்திய கவுன்களைச் சேகரித்து, பட்டாளத்துச் சேவையிலிருந்த பெண்களின் கலியாணத்துக்கு உதவும்படி ஏற்பாடு செய்தார். 1947 நவம்பரில் எலிசபெத் ராஜகுமாரிக்குக் கலியாணம் நடந்தபொழுது, நார்மன் ஹார்ட்னெல் தைத்த உடுப்புக்காக அவருக்குக் கூட 200 கூப்பன்கள் தனியாய்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் அன்பினால் அனுப்பிய கூப்பன்களை, ஒருவர் கூப்பனை இன்னொருவர் உபயோகிப்பது சட்ட விரோதம் என்று திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவில் ஒரு விமானி, 1944ல் தன் உயிரைக் காப்பாற்றிய பாரசூட்டைப் பத்திரமாய்க் கொண்டுவந்து தன் காதலியிடம் கொடுக்க, 1947ல் அந்தப் பெண் அதிலிருந்தே கவுன் தைத்து உடுத்திக் கலியாணம் செய்துகொண்டார். அதையே பின்னால் அவர்கள் மகளும், மகனுடைய மனைவியும் தங்கள் கலியாணத்துக்கு உடுத்தினார்கள். இப்பொழுது அது ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கின்றது. எரிந்து விழுந்த விமானத்தின் ராசி அதில் ஒட்டவில்லை போலும்!

மூன்றாவதாக, ராசி ஒட்டும் என்றால் எதில் எதில் ஒட்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா? கோவிலில் எந்த இடத்தில் மணமக்கள் நிற்கின்றார்களோ, அதே இடத்தில்தான் பிற்பாடு பிரிந்துபோன எத்தனையோ ஜோடிகளும் நின்றிருக்கின்றார்கள். அவர்களுக்குப் படித்த அதே வாக்கியங்களைத்தான் அதே பாதிரியார் இவர்களுக்கும் படிக்கின்றார். ராசி என்பது ஒட்டிக்கொள்ளுகின்ற பசையானால், முதன் முதலில் அந்தப் பாதிரியாரின் வாயிலல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? அதைக் கழுவிவிட்டு வரும்படி எந்த மணப்பெண்ணாவது கேட்டதுண்டா?

அது போகட்டும், மாப்பிள்ளையின் கோட்டைப் பாருங்கள். அத்தேசத்தில் மாப்பிள்ளைமார் கலியாணக் கோட்டை வாடகைக்கு எடுப்பது சர்வ சாதாரணம். மாஸ் பிரதர்ஸ் என்னும் லண்டன் கடை இவ்வித வாடகைத் தொழிலில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேர் பெற்றது. ஒரே கோட்டு எத்தனை மாப்பிள்ளைகளின் முதுகைக் கண்டிருக்கும்! அவர்களில் குடித்தவன் எத்தனை பேர், அடித்தவன் எத்தனை பேர், விட்டுவிட்டு ஓடினவன் எத்தனை பேர்? "இந்தக் கோட்டைப் போட்டவன் பெண்டாட்டியோடு எத்தனை வருஷம் வாழ்ந்தான்?" என்று ஒருவனாவது கடைக்காரனைக் கேட்டிருப்பானா? கேட்டால் கடைக்காரன் சிரிக்கமாட்டானா? அப்படியானால் ராசி என்பது பெண்ணின் உடுப்பில் மாத்திரம் ஒட்டும், ஆணின் உடுப்பில் ஒட்டாது என்று ஏற்படுகின்றது. இங்கேதான் தோழர்களே, புரட்டு வெளியாகின்றது. துணிக்கு ராசி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு இவர்கள் பெண்ணுக்கு ராசி பார்க்கின்றார்கள். கலியாணம் முறிந்தால் அந்த முறிவு பெண்ணின் உடம்பில் ஒட்டி, உடம்பிலிருந்து உடுப்பில் ஒட்டி, ஐம்பது வருஷம் கழித்தும் போகாமல் இருக்கும் என்பதுதான் இதன் கருத்து.

அதிலும் பணக்காரப் பெண்ணுக்கு ஒரு நியாயம், ஏழைப் பெண்ணுக்கு ஒரு நியாயம். டயானா ராஜகுமாரிக்கு 1996ல் விவாகரத்து ஆயிற்று. அடுத்த வருஷம், 1997 ஜூனில், அவர் உடுத்திய உடுப்புகள் 79ஐ நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனியார் தர்மத்துக்காக ஏலம் போட்டார்கள். அவை கலியாணக் கவுன்கள் அல்ல. ஆனாலும் முறிந்துபோன கலியாணத்தில் வாழ்ந்த ஒரு பெண் உடுத்தியவை என்பது உலகமறிந்த விஷயம். அப்படியிருந்தும் ஒரு நீல வெல்வெட்டு உடுப்பு மாத்திரம் 2,22,500 டாலருக்குப் போயிற்று. மொத்தம் 32 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ராஜகுமாரியின் துரதிர்ஷ்டத்துக்கு விலை லட்சம். பள்ளிக்கூடச் சமையற்காரியின் துரதிர்ஷ்டத்துக்கு விலையே இல்லையா?

"பழசு" என்கின்ற வார்த்தையிலும் இதே தந்திரம் உண்டு. ஏழை உடுத்திக் கழித்தால் அது பழந்துணி. பேர்போன தையற்காரன் பெயர் உள்ளே இருந்து, வருஷமும் இருபதுக்கு மேல் ஆகியிருந்தால் அதற்கு "விண்டேஜ்" என்று பெயர். 2020ல் பியாட்ரிஸ் இளவரசி தம் பாட்டியாராகிய எலிசபெத் ராணி 1962ல் ஒரு சினிமாவின் முதற்காட்சிக்கு உடுத்திப்போன பழைய ஹார்ட்னெல் உடுப்பையே கைப்பகுதி வைத்துத் திருத்திக் கலியாணத்துக்கு உடுத்தினார். 2021ல் அப்போதைய பிரதம மந்திரி போரிஸ் ஜான்சனைக் கலியாணம் செய்துகொண்ட பெண்மணி, ஒரு டிசைனர் கவுனை 45 பவுன் வாடகைக்கு எடுத்து உடுத்தினார் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. இருவரையும் உலகம் புகழ்ந்தது. நானும் புகழுகின்றேன். ஆனால் அரண்மனையில் புகழுக்குரியது அடுப்பங்கரையில் வெட்கத்துக்குரியதாவது எப்படி என்றுதான் கேட்கின்றேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணப்பெண்ணிடத்தில் பழைய சாமான் ஒன்றும், புதிது ஒன்றும், இரவல் ஒன்றும், நீல நிறத்தில் ஒன்றும் இருந்தால் அதிர்ஷ்டம் என்பது அத்தேசத்து நம்பிக்கை. அப்படியானால் பழசும் இரவலும் அவர்கள் சாஸ்திரப்படியே நல்லதாகின்றன. கைக்குட்டை இரவலானால் அதிர்ஷ்டம், கவுன் பழசானால் துரதிர்ஷ்டமா? "நன்றாய் வாழ்ந்தவளிடமிருந்துதான் இரவல் வாங்க வேண்டும்" என்று சமாதானம் சொல்லுவார்கள். நன்றாய் வாழ்வதற்கு அளவுகோல் என்ன? அடி வாங்கிக்கொண்டு ஐம்பது வருஷம் கிடந்தவள் நன்றாய் வாழ்ந்தவள்; ஒன்பதாவது வருஷம் தலைநிமிர்ந்து வெளியே வந்தவள் கெட்டுப்போனவள் என்றால், அந்த அளவுகோலை அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

இதனால் லாபம் யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். ஒரு நாள், அதிலும் சில மணி நேரம் உடுத்துவதற்காக மாதக் கணக்கான சம்பளத்தைக் கொட்டச் செய்து, பிறகு அதை இன்னொருத்தி உடுத்தினால் ஆகாது என்று பயமுறுத்தி வைத்தால், ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு புதுக் கவுன் விற்குமல்லவா? கடைக்காரன் ராசியைக் கண்டுபிடித்தான் என்று நான் சொல்லவில்லை. ராசியினால் அவன் கல்லா நிறைகின்றது என்றுதான் சொல்லுகின்றேன். நஷ்டம், கடன் வாங்கிக் கவுன் தைக்கும் பெண்ணைப் பெற்றவனுக்கும், பெட்டிக்குள் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அறை வாடகைக்குத் திண்டாடும் தாய்க்குந்தான்.

இனி, பொய் சொல்லலாமா என்கின்ற கேள்விக்கு வருகின்றேன். விற்கிறவளுக்கு உண்மை சொல்லும் கடமை உண்டு. ஆனால் எந்த விஷயத்தில் என்றால், துணியின் விஷயத்தில். அந்தக் காலத்து அளவு நம்பரும் இந்தக் காலத்து நம்பரும் ஒன்றல்ல, பழைய நம்பர் சிறியது. ஆகையால் நம்பரைச் சொல்லாமல் மார்பு, இடுப்பு, நீளம் இவற்றை நாடாவினால் அளந்து சொல்ல வேண்டும். பிரித்துவிட்டால் பெரிதாக்கத் தையலோரத்தில் எவ்வளவு துணி இருக்கின்றது என்று சொல்ல வேண்டும். எங்கே திருத்தினது, எங்கே ஓட்டைப்பட்டு இழையெடுத்தது என்று காட்ட வேண்டும். கலியாணத்தன்று சிந்தின சர்க்கரைப் பானம் அப்பொழுது கண்ணுக்குத் தெரியாது. வருஷங்கள் போகப்போகப் பழுப்புக் கறையாகும். அதை மறைக்கக்கூடாது, வீட்டில் வெந்நீரில் போட்டு அலசிப் பட்டைக் கெடுக்கவும் கூடாது, பழம்பட்டு வெளுக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். சாதாரண அட்டையும் பிளாஸ்டிக் உறையும் பட்டை மஞ்சளாக்கும். அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றி வைப்பதே முறை. லேபிளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் காட்ட வேண்டும். லேபிள் இல்லாத உடுப்புக்குப் பெரிய பெயரைச் சூட்டி விலை ஏற்றுவது திருட்டு. வாங்குகிறவளைப் பாதிக்கக்கூடிய உண்மைகள் இவைதாம். இவற்றில் ஒன்றை மறைத்தாலும் அது மோசடி.

கலியாணம் எத்தனை வருஷம் நீடித்தது என்பது துணியின் குணம் அல்ல. கேட்டால், "அது உங்களுக்கு வேண்டிய சங்கதி அல்ல" என்று சொல்ல அவளுக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் ஐம்பது என்று பொய் சொல்லுவதை நான் ஒப்பமாட்டேன். வாங்க வந்தவள் ஏமாறுவாள் என்பதற்காக மாத்திரமல்ல. மூடநம்பிக்கைக்குப் பயந்து சொல்லுகின்ற பொய், அந்த மூடநம்பிக்கைக்கே இன்னும் ஒரு சாட்சி சொன்னதாகும் என்பதற்காக. அதைவிட முக்கியமாய், அந்தப் பொய்யில் அவமானப்படுவது செத்துப்போன தாய். தாய் செய்தது மறைக்க வேண்டிய காரியம் என்று பெற்ற மகளே ஒப்புக்கொண்டதாக ஆகும். இரண்டு குழந்தைகளோடு, கையில் பணமில்லாமல், ஊரார் பேச்சுக்கு அஞ்சாமல் வெளியே வந்து, பிறத்தியார் பிள்ளைகளுக்குச் சோறு சமைத்துத் தன் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குத் துரதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தவன் எவன்? அதற்குச் சுயமரியாதை என்று பெயர்.

இவ்வளவையும் என் அக்காள் மகளுக்கு எழுதினேன். பதில் வந்திருக்கின்றது. அந்தப் பெண் ஒரு தாளில் வருஷம், தையல் நிலையத்தின் பெயர், அளவுகள், வலது கையில் உள்ள கறை, கீழ் ஓரத்தில் தைத்த இடம் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில், "கேட்கிறவர்களுக்கு: கலியாணம் ஒன்பது வருஷம். உடுத்தியவர் 77 வருஷம் வாழ்ந்து, இரண்டு பெண்களை வளர்த்தார்" என்றும் எழுதிக் கவுனோடு சேர்த்து வைத்திருக்கின்றாளாம். கவுன் இன்னும் விற்கவில்லை. விற்றாலும் அது என் வாதத்துக்கு அத்தாட்சியாகாது. விற்காவிட்டாலும் என் வாதம் பொய்யாகாது. முன்பணத்துக்கு அவளும் அக்காளும் ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டிவிட்டார்கள். அந்த மூத்தவள்தான், துரதிர்ஷ்டம் என்று சொன்னவள், தாளைப் படித்துவிட்டு, "சமையல் வேலையையும் எழுது" என்று சொன்னாளாம்.

ஆகவே தோழர்களே, துணிக்கு நிறம் உண்டு, கனம் உண்டு, நெய்தவன் கையும் தைத்தவள் கையும் அதில் உண்டு. உடுத்தியவளின் தலையெழுத்து அதில் இல்லை. அப்படி ஓர் எழுத்து எவர் தலையிலும் இல்லை. நல்ல துணியைப் பூச்சிக்குக் கொடுப்பதைவிட மனிதருக்குக் கொடுப்பது மேல் என்பதையும், எந்தத் தேசத்துப் பெண்ணானாலும் அவள் வாழ்க்கையை அவள் புருஷனோடு இருந்த வருஷக் கணக்கால் அளப்பது அறிவீனம் என்பதையும் யோசித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றேன்.